நவம்பர் 1: ஒரே நாள், இரண்டு கரைகள்



மாதந்தோறும் இப்பகுதியில் நாட்காட்டியின் ஒரு தேதியை எடுத்து, அந்நாளில் உலகத்தில் நடந்த காரியங்களைச் சிந்தித்து வருகிறோம். இம்மாதம் நாம் எடுத்துக்கொள்வது நவம்பர் 1. பட்டணத்தில் வாழும் நம்மில் பலருக்கு இது வாடகையும் பால் கணக்கும் தீர்க்கிற நாள், அவ்வளவே. ஆனால் திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்குப் போகும் நெடுஞ்சாலையில், நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் அப்பால் களியக்காவிளைவரை பரந்திருக்கிற கிராமங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களைக் கேட்டுப் பாருங்கள். ஒரு தேதி எவ்வளவு பாரமாயிருக்கக்கூடும் என்பதை அவர்கள் சொல்லுவார்கள்.

அந்தக் கிராமங்களுக்குப் போகுமுன், இந்நாளில் உலகம் கண்ட சில காரியங்களைச் சுருக்கமாய்ப் பார்ப்போம்.

உலகம் கண்ட நவம்பர் 1

1755ஆம் ஆண்டு நவம்பர் 1 ஒரு சனிக்கிழமை. அது சகல பரிசுத்தவான்களின் திருநாள். போர்ச்சுக்கல் தேசத்தின் தலைநகரான லிஸ்பனில் ஆலயங்கள் நிரம்பியிருந்த காலை வேளையில் பூமி அதிர்ந்தது. அதிர்ச்சிக்குத் தப்பி ஆற்றங்கரைக்கு ஓடினவர்களைக் கடல் பொங்கி வாரிக்கொண்டது. எரிந்துகொண்டிருந்த விளக்குகளும் அடுப்புகளும் கவிழ்ந்து பற்றிய நெருப்பு நாட்கணக்கில் நகரத்தைத் தின்றது. பல்லாயிரம்பேர் மாண்டார்கள். ஐரோப்பா முழுவதும் அறிஞர்களும் போதகர்களும் இதன் காரணத்தைக் குறித்து வாதிட்டார்கள். ஜான் வெஸ்லியும் ஒரு சிற்றேடு எழுதி வெளியிட்டார். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26 அன்று குளச்சல் கரையிலும் வேளாங்கண்ணியிலும் கடல் ஏறி வந்ததை அறிந்த நமக்கு, லிஸ்பனின் அழுகை அந்நியமானதல்ல.

1954ஆம் ஆண்டு இதே நாளில் புதுச்சேரி, காரைக்கால், மாஹே, யானம் ஆகிய பிரெஞ்சுப் பகுதிகளின் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. அதற்கு இரண்டு வாரங்களுக்குமுன், அக்டோபர் 18 அன்று, கீழூரில் கூடிய மக்கள் பிரதிநிதிகள் 178 பேரில் 170 பேர் இணைப்புக்கு ஆதரவாக வாக்களித்திருந்தார்கள். இரத்தம் சிந்தும் யுத்தமின்றி ஒரு கொடி இறங்கி மற்றொரு கொடி ஏறியது.

1956ஆம் ஆண்டு நவம்பர் 1 அன்று ஹங்கேரி தேசத்தின் பிரதமர் இம்ரே நாகி, தம்முடைய தேசம் சோவியத் தலைமையிலான வார்சா ஒப்பந்தத்தை விட்டு விலகுவதாகவும் நடுநிலை நாடாக இருப்பதாகவும் அறிவித்தார். மூன்றாம் நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், டாங்கிகள் புடாபெஸ்ட் நகரத்தைத் தாக்கின. ஏறக்குறைய இரண்டு லட்சம்பேர், பெரும்பாலும் கால்நடையாகவே, எல்லையைக் கடந்து அந்நிய தேசத்தில் தஞ்சம் புகுந்தார்கள்.

1993ஆம் ஆண்டு இதே நாளில் மாஸ்ட்ரிக்ட் உடன்படிக்கை நடைமுறைக்கு வந்து, ஐரோப்பிய ஒன்றியம் பிறந்தது. இரண்டு உலக யுத்தங்களில் எல்லைக்காக ஒருவரையொருவர் கொன்ற தேசங்கள், எல்லையின் கடினத்தைக் குறைத்துக்கொள்ள ஒப்புக்கொண்டன.

பிரியமானவர்களே, இவற்றில் ஒரு பூமியதிர்ச்சியைத் தவிர மற்றவை யாவும் எல்லைகளைப் பற்றியவை என்பதைக் கவனித்தீர்களா? நம்முடைய தென்கோடியில் நடந்ததும் அதுவே.

1956, வியாழக்கிழமை

ஹங்கேரியில் இம்ரே நாகி அறிக்கை விடுத்த அதே வியாழக்கிழமையில்தான் இந்தியாவின் மாநிலங்கள் மொழிவழியாகத் திருத்தி அமைக்கப்பட்டன. பசல் அலி தலைமையில் 1953 டிசம்பரில் நியமிக்கப்பட்ட ஆணையம் 1955 செப்டம்பர் 30 அன்று தன் அறிக்கையைக் கொடுத்தது. 1956 ஆகஸ்டில் சட்டம் நிறைவேறியது. நவம்பர் 1 அன்று கேரளம் பிறந்தது. திருவிதாங்கூரின் தென்பகுதி அதிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது.

அதற்குப் பின்னால் நெடிய போராட்டம் இருந்தது. பள்ளியாடியில் 1895இல் பிறந்த வழக்கறிஞர் ஏ. நேசமணி அவர்களை மக்கள் மார்ஷல் நேசமணி என்று அழைத்தார்கள். அவர் தலைமையில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் தமிழர் வாழும் தாலுகாக்களைக் கேட்டுப் போராடியது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, நெய்யாற்றின்கரை, செங்கோட்டை, தேவிகுளம், பீர்மேடு, சித்தூர் என்று கோரிக்கையில் ஒன்பது பெயர்கள் இருந்தன. 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்து பலர் உயிரிழந்தனர்.

முடிவில் முதல் நான்கு தாலுகாக்கள் கன்னியாகுமரி மாவட்டமாயின. செங்கோட்டையின் ஒரு பகுதி திருநெல்வேலியோடு சேர்ந்தது. தேவிகுளமும் பீர்மேடும் சித்தூரும் கேரளத்திலேயே நின்றன. நெய்யாற்றின்கரையும் நின்றது. ஆகவே விளவங்கோடு ஒரு மாநிலம், அடுத்த தாலுகா வேறொரு மாநிலம். களியக்காவிளை தமிழ்நாடு, அங்கிருந்து நடந்து போகும் தொலைவிலுள்ள இஞ்சிவிளை கேரளம்.

அந்தக் கோட்டுக்கு இருபுறமும் ஊர்ப்பெயர்களைக் கேளுங்கள். இந்தப் பக்கம் களியக்காவிளை. அந்தப் பக்கம் இஞ்சிவிளை, அமரவிளை. பலாவை இருபுறத்தாரும் சக்கை என்கிறார்கள். மரவள்ளிக்கிழங்கை இருபுறத்தாரும் மரச்சீனி என்கிறார்கள். திருவிதாங்கூர் மன்னர்களின் பழைய தலைநகரான பத்மநாபபுரம் அரண்மனை இன்று தமிழ்நாட்டு மண்ணில் இருக்கிறது. அதைப் பராமரிப்பதோ கேரள அரசு. நெய்யாறு அணையின் இடதுகரைக் கால்வாய், இரு பகுதிகளும் ஒரே அரசின்கீழ் இருந்த காலத்தில் திட்டமிடப்பட்டது; விளவங்கோட்டின் வயல்களுக்கும் அது தண்ணீர் கொண்டுபோனது. 2004ஆம் ஆண்டு அந்தத் தண்ணீர் நின்றது. 2012இல் தமிழ்நாடு உச்ச நீதிமன்றத்தை நாடியது. ஒரு காலத்தில் மடை திறப்பவனிடம் கேட்டுத் தீர்க்கக்கூடியதாயிருந்த காரியம், இரண்டு அரசுகளின் வழக்காயிற்று.

சபைகளும் இதற்கு விலக்கல்ல. 1806இல் மயிலாடிக்கு வந்த ரிங்கல்தௌபே ஐயருக்குப்பின் லண்டன் மிஷன் ஊழியர்கள் நாகர்கோவில், நெய்யூர், பாறசாலை, திருவனந்தபுரம் என்று இந்த நிலப்பரப்பு முழுவதையும் ஒரே ஊழியக்களமாகவே எண்ணி உழைத்தார்கள். மாநில எல்லை விழுந்து மூன்று ஆண்டுகளில், 1959இல், தென்னிந்தியத் திருச்சபையின் தென்திருவிதாங்கூர்ப் பேராயமும் கன்னியாகுமரிப் பேராயம், தென்கேரளப் பேராயம் என்று இரண்டாயிற்று. அதை ஒருவரும் குற்றமாகச் சொல்ல முடியாது. மொழி வேறானால் ஆராதனையும் நிர்வாகமும் வேறாவது இயல்பே. ஆனாலும், ஒரே குடும்பத்தின் இரண்டு கிளைகள் இரண்டு பேராயங்களின் பதிவேடுகளில் எழுதப்பட்டன.

இன்றைக்கும் நவம்பர் 1 வந்தால் அந்தப் பக்கத்துப் பள்ளிகளில் பிள்ளைகள் கசவுக்கரை வைத்த வெள்ளை உடுத்திக் கேரளப் பிறவி கொண்டாடுகிறார்கள். இந்தப் பக்கத்தில் தாய்த்தமிழகத்தோடு இணைந்த நாள் என்று மார்ஷல் நேசமணியின் சிலைக்கு மாலை அணிவிக்கிறார்கள். இரண்டு கொண்டாட்டங்களுக்கும் நியாயம் உண்டு. ஆனால் பாறசாலைக்கருகே வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் மலையாளம் படிக்கிற ஒரு பிள்ளை இவற்றில் எந்தக் கொண்டாட்டத்தில் நிற்கும்?

என் பெரியம்மையின் வேதபுத்தகம்

பிரியமானவர்களே, இதை நான் புத்தகத்தில் மாத்திரம் படித்து எழுதவில்லை. நான் பிறந்தது விளவங்கோடு தாலுகாவில். என் தாயாரின் மூத்த சகோதரி 1955இல் பாறசாலைக்கு அருகே ஒரு கிராமத்திற்கு வாழ்க்கைப்பட்டுப் போனார்கள். அன்றைக்கு அது அடுத்த ஊர், நாலு கிலோமீட்டர். அடுத்த ஆண்டிலே அது அடுத்த மாநிலமாயிற்று. ஆயினும் பெரியம்மைக்கு அது ஒன்றும் பெரிதாய்த் தோன்றவில்லை. நான் சிறுவனாய் அங்கே போகும்போதெல்லாம், "மக்களே, கோடு சர்க்காருக்கு, நமக்கென்ன?" என்று சொல்லிச் சிரிப்பார்கள்.

2020ஆம் ஆண்டு மே மாதத்தில், தங்கள் எண்பத்து நான்காம் வயதில், பெரியம்மை கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள். அது கொள்ளைநோயின் ஊரடங்குக் காலம் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். எல்லையின் சிறு வழிகள் அடைபட்டிருந்தன. மாநிலம் விட்டு மாநிலம் போக அனுமதிச்சீட்டு வேண்டும். அடக்கத்திற்கு இருபது பேருக்குமேல் கூடலாகாது. நான் சென்னையில் அகப்பட்டிருந்தேன். என் தாயாரோ நாலு கிலோமீட்டருக்கு இப்பால் அகப்பட்டிருந்தார்கள். அனுமதி வருமுன் அடக்கம் முடிந்துவிட்டது. அறுபத்து நாலு ஆண்டுகளாக வரைபடத்தில் மாத்திரம் இருந்த கோடு, அந்த ஒரு நாளில் மதிலாய் எழும்பி நின்றது. தொலைபேசியின் சிறு திரையில் தன் அக்காளின் முகத்தைப் பார்த்த என் தாயார் ஒரே ஒரு வார்த்தை சொன்னார்கள்: "நடந்தே போகலாமே!"

யாரையும் குறைசொல்ல இதை எழுதவில்லை. அந்நாட்களில் உலகமெங்கும் எத்தனையோ வீடுகளில் இப்படியே நடந்தது. ஆனால் எல்லை என்றால் என்ன என்பது எனக்கு அன்றைக்குத்தான் விளங்கிற்று.

வழிகள் திறந்தபின், அடுத்த ஆண்டில், குடும்பமாய் அங்கே போனோம். பெரியம்மையின் தமிழ் வேதபுத்தகம் அலமாரியில் துணி சுற்றி வைக்கப்பட்டிருந்தது. முன்னும் பின்னுமிருந்த வெற்றுப் பக்கங்களில் பிறப்பு, ஞானஸ்நானம், விவாகம், மரணம் எல்லாவற்றையும் கொல்லம் ஆண்டிலும் ஆங்கிலத் தேதியிலும் எழுதி வைத்திருந்தார்கள். நான் ஆவலோடு 1956 நவம்பரைத் தேடினேன். மாநிலம் பிறந்ததைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. நவம்பர் 3 என்று போட்டு ஒரே ஒரு வரி மாத்திரம் இருந்தது.

அதை வாசித்துச் சொல்லும்படி பெரியம்மையின் பேத்தியைக் கேட்டேன். அவள் நன்றாய்ப் படித்த பெண். மலையாள வேதாகமத்தைத் தடையில்லாமல் வாசிக்கிறவள். பாட்டியோடு தமிழிலே பேசி வளர்ந்தவள். அவள் வெட்கத்தோடு தலையை அசைத்தாள். தமிழ் எழுத்து அவளுக்குத் தெரியாது.

உடனே என் மனதில் ஒரு தீர்ப்பு எழுந்தது: "பார், எல்லைக்கோடு செய்த வேலையை!" அந்தத் தீர்ப்போடு, சென்னையில் பிறந்து வளர்ந்த என் மகளிடம் புத்தகத்தைக் கொடுத்தேன். அவள் எழுத்துக் கூட்டி, விரல் வைத்து, மெதுவாய்ப் போனாள்: "தங்கச்சிக்குத்... தீ... னம்..." அங்கே நின்றுவிட்டாள். "தீனம் என்றால் என்னப்பா?" என்றாள்.

பிரியமானவர்களே, நான் பதில் சொல்லவில்லை, சொல்ல முடியவில்லை. நம்முடைய சென்னை வீட்டுக்கு நடுவே எந்த ஆணையமும் கோடு கிழிக்கவில்லை. என் பிள்ளையின் தமிழ் வாசிப்புத் தடுமாறுவதற்கு எந்தச் சட்டமும் காரணமல்ல. ஆங்கிலப் பள்ளி, நேரமின்மை, "அதற்கென்ன, பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்ற என்னுடைய அசட்டை, இவைகளே காரணம். ஊர்ப் பேச்சை நகரத்திலே பேசினால் நகைப்பார்கள் என்று என் வீட்டிலேயே அதை அடக்கி வைத்தவனும் நானே.

அப்பொழுது பாறசாலைப் பேத்தி சொன்னாள்: "தீனம் என்றால் சுகமில்லாமல் ஆகிறது. பாட்டி எப்போதும் சொல்லுவார்கள்." ஒருத்திக்கு எழுத்துத் தெரிந்தது, மற்றவளுக்குச் சொல் தெரிந்தது. இருவரும் தலையோடு தலை சேர்த்துக் குனிந்து, அந்த ஒரு வரியை முழுவதுமாய் வாசித்தார்கள்:

"தங்கச்சிக்குத் தீனம் என்று கேட்டு அம்மை வீட்டுக்குப் போய் வந்தேன். வழியில் மழை."

எல்லை விழுந்த மூன்றாம் நாள் என் பெரியம்மை அதைக் கடந்து போய், கடந்து வந்திருக்கிறார்கள். அதை எல்லை என்று அவர்கள் எழுதவில்லை, மழையை எழுதியிருக்கிறார்கள். தீனமாய்க் கிடந்த அந்தத் தங்கச்சிதான் என் தாயார்.

யோர்தான் கரையில் ஒரு சாட்சி

யோசுவாவின் புத்தகம் 22ஆம் அதிகாரத்தை எடுத்து வாசித்துப் பாருங்கள். ரூபன் புத்திரரும் காத் புத்திரரும் மனாசேயின் பாதிக் கோத்திரத்தாரும் யோர்தானுக்கு அக்கரையில் குடியேறப் போகிறார்கள். ஆறு நடுவே வந்துவிட்டது. அவர்கள் கரையோரத்தில் பெரிய பீடம் ஒன்றைக் கட்டுகிறார்கள். இக்கரையார் அதைத் தவறாய் எண்ணி யுத்தத்துக்குக் கூடுகிறார்கள். ஆனால் போர்ச்சேவகரை அனுப்புமுன் பினெகாசையும் பத்துப் பிரபுக்களையும் அனுப்பி விசாரிக்கிறார்கள். அக்கரையார் கொடுத்த பதில் நம் இருதயத்தைத் தொடுகிறது. இது பலிக்கான பீடமல்ல. வருங்காலத்தில் உங்கள் பிள்ளைகள் எங்கள் பிள்ளைகளைப் பார்த்து, ஆறு நடுவே இருக்கிறது, உங்களுக்கு எங்களோடு பங்கில்லை என்று சொல்லிவிடக்கூடாதே என்ற பயத்தினால் கட்டினோம் என்கிறார்கள். அந்தப் பீடத்திற்கு ஏத் என்று பேரிட்டார்கள். எபிரெய மொழியில் அதற்குச் சாட்சி என்று பொருள்.

இதிலே நாம் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. அவர்கள் ஆற்றை அழிக்கவில்லை. எல்லையை மாற்றக் கேட்கவில்லை. எல்லை எல்லையாகவே இருந்தது. அது பிள்ளைகளின் நினைவைப் பிரித்துவிடாதபடிக்கு ஒரு சாட்சியை வைத்தார்கள். அவர்கள் பயந்தது தங்களுக்காக அல்ல, சந்ததிக்காக. முதல் தலைமுறைக்கு எல்லை உறைப்பதில்லை. என் பெரியம்மையைப்போல நடந்து கடந்துவிடும். மூன்றாம் தலைமுறைக்குத்தான் அது ஆழமாகிறது.

நம்முடைய அரசியல் சாசனத்திலும் இப்படிப்பட்ட ஒரு சாட்சி உண்டென்பதைப் பலர் அறிவதில்லை. மாநிலங்களைத் திருத்தியமைத்த அதே நாளில், 1956 நவம்பர் 1 அன்று, சாசனத்தின் ஏழாவது திருத்தமும் நடைமுறைக்கு வந்தது. அதில் சேர்க்கப்பட்ட 350ஏ என்னும் பிரிவு, மொழிச் சிறுபான்மையினரின் பிள்ளைகள் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியிலே பெற வசதி செய்ய ஒவ்வொரு மாநிலமும் முயலவேண்டும் என்கிறது. அடுத்த பிரிவாகிய 350பி, மொழிச் சிறுபான்மையினருக்கென ஒரு தனி அதிகாரியை நியமிக்கச் சொல்லுகிறது. கோடு கிழித்தவர்களே அதன் ஓரத்தில் நிற்கப்போகிற பிள்ளைகளையும் நினைத்தார்கள். ஆனால் ஏட்டிலே எழுதப்பட்ட வசதி, கேட்டுப் பெறுகிறவர்கள் இருந்தால் மாத்திரமே வகுப்பறைக்கு வந்து சேரும். பாறசாலைத் தமிழருக்கு மாத்திரமல்ல, சென்னையில் வாழும் மலையாளிக்கும், பெங்களூரிலும் மும்பையிலும் வாழும் உங்களுக்கும் அந்தப் பிரிவு உரியது.

இம்மாதம் நாம் செய்யவேண்டியது

அன்பான சகோதரரே, சகோதரிகளே, நீங்கள் எந்தப் பட்டணத்தில் இதை வாசிக்கிறீர்களோ நான் அறியேன். உங்களுக்கும் ஒரு கோடு உண்டு. ரயில் ஏறிய நாள் ஒன்று, முதல் வாடகை வீட்டில் பால் காய்ச்சிய நாள் ஒன்று உண்டு. அந்தத் தேதியை எந்தச் சரித்திரப் புத்தகமும் எழுதாது. ஆனால் உங்கள் பிள்ளைகளின் வாழ்வில் அதுவே லிஸ்பனைவிடவும் மாஸ்ட்ரிக்டைவிடவும் பெரிய தேதி. அதை எழுதி வையுங்கள். வேதபுத்தகத்தின் வெற்றுப் பக்கத்தில், உங்கள் கையெழுத்தில், உங்கள் ஊர்ச் சொற்களிலேயே எழுதுங்கள்.

இரண்டாவது, பிள்ளைகளோடு இரவு ஜெபத்துக்கு உட்காரும்போது பத்து நிமிஷம் தமிழில் அவர்களையே வாசிக்கச் சொல்லுங்கள். தடுமாறட்டும், திருத்தாதிருங்கள், வாசித்து முடிக்கட்டும். அர்த்தம் தெரியாத சொல் வந்தால் ஊரிலிருக்கும் பாட்டியையோ பெரியம்மையையோ தொலைபேசியில் கேட்கச் சொல்லுங்கள். ஒரு சொல்லுக்காகப் பேரப்பிள்ளை அழைத்தால் அந்த முதியவருக்கு அன்றைக்கு முழுவதும் சந்தோஷமாயிருக்கும்.

மூன்றாவது, நீங்கள் போய்ப் பார்க்காமல் விட்டிருக்கிற ஒருவர் அக்கரையிலே இருப்பார். வழி திறந்திருக்கும்போதே போய்வாருங்கள். அடைபடும் நாள் முன்னறிவித்து வருவதில்லை.

என் மகளும் பாறசாலைப் பேத்தியும் இப்போது ஞாயிறுதோறும் மாலையில் தொலைபேசியில் பேசுகிறார்கள். ஒருத்தி தமிழ் எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறாள். மற்றவள் ஊர்ச் சொல் சொல்லிக்கொடுக்கிறாள். பெரியம்மையின் பக்கங்களை ஒரு வாரத்திற்குச் சில வரிகளாக வாசித்து வருகிறார்கள். இன்னும் 1971ஐத் தாண்டவில்லை. என் தாயார் அருகிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். இடையிலே, "அது அப்படியல்ல, நான் சொல்லுகிறேன் கேள்" என்று குறுக்கிடுகிறார்கள்.

அடுத்த மாதம் வேறொரு தேதியோடு உங்களைச் சந்திக்கிறேன். இரு கரைகளையும் அறிந்த கர்த்தர் தாமே உங்களையும் உங்கள் சந்ததியையும் ஆசீர்வதித்துக் காப்பாராக. ஆமென்.